மூன்றாவது அடையாளம்

அவள் முதன்முதலாக என் ஸ்டுடியோவுக்குள் வந்தபோது கையில் ஒரு யூரின் டப்பா வைத்திருந்தாள். பரிசோதனைக்குக் கொடுப்பார்களே, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா, அதுதான். மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்குள்ள இருக்க ஆளுக்கு ஒரு போட்டோ எடுக்கணும். மூஞ்சி தெளிவாத் தெரியணும்" என்றாள்.

உள்ளே ஒரு சிலந்தி கால்களை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. உளுந்து அளவு உடம்பு. செத்துவிட்டது என்று நினைத்தேன்.

"சாகல. ஃபிரிட்ஜ்ல பத்து நிமிஷம் வச்சிருந்தேன். குளிருக்கு அசையாமக் கெடக்கும். வெரசா எடுங்க, முழிச்சிரும்."

அவளை எனக்கு ஏற்கெனவே தெரியும். தென்காசியில் என் ஸ்டுடியோ ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அங்கிருந்து நாலு எட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சர்க்கரை பார்க்க மாதத்துக்கு ஒருமுறை போவேன். என் விரலில் ஊசி குத்துகிற பெண் அவள்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். இலஞ்சியில் வயலைப் பார்த்த ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். ஊசி குத்தும்போது பேச்சுக் கொடுக்க மாட்டாள். முகத்தையும் பார்க்க மாட்டாள். பார்வை எப்போதும் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கும். என்னவென்று பிறகுதான் கேட்டேன்.

"எல்லாரும் கண்ணப் பாத்துப் பேசுவாவ. நான் காதப் பாத்துப் பேசுவேன். கண்ணு நடிக்கும் அண்ணாச்சி. காது நடிக்காது."

கல்யாண மோதிரங்களைப் படமெடுக்க வாங்கிய லென்ஸைப் போட்டு அந்தச் சிலந்தியை எடுத்தேன். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். கீழே ஒரே வரிசையில் நான்கு பொடிக் கண்கள். அதற்கு மேலே முன்பக்கம் பார்த்தபடி இரண்டு பெரிய கண்கள். தலையின் பின்பக்கம் இன்னும் இரண்டு. நடுவில் இருந்த பெரிய கண்களில் என் ஸ்டுடியோ விளக்கு இரண்டு வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்தது.

"ஓநாய்ச் சிலந்தி. வலை கட்டாது. தரையில ஓடித்தான் இரை பிடிக்கும்" என்றாள். "வயக்காட்டுல கெடக்குதுக்கு முதுகுல கவட்டை மாதிரி ஒரு வெளிறின கோடு இருக்கும். இதுக்கு இல்ல. இது குத்தாலத்துல ஆத்தோரப் பாறையில இருந்துச்சு. தொரத்தினா தண்ணி மேலயே ஓடுது. ரெண்டு அடையாளம் வேறயா இருக்கு. ஆனா மூணு இல்லாம இது வேறதான்னு சொல்ல மாட்டேன்."

"மூணாவது எங்கன இருக்கு?"

"அடி வயித்துல. மைக்ராஸ்கோப்ல வச்சுத்தான் பாக்கணும். அதுக்கு இத ஸ்பிரிட்ல போடணும்." டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "மூணாவது அடையாளம் செத்தாத்தான் தெரியும்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தமும் இல்லை, வருத்தமில்லாமலும் இல்லை. ரத்த வகை சொல்கிற குரல்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு டப்பாவாவது வரும். படம் எடுத்து முடியும்வரை, சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் ஒரு பெரியவரின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அவர் இலத்தூர்க்காரர். இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் கொடுத்த படத்தைப் பெரிதாக்கி நான்தான் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு பிரதியைக் கடையிலும் மாட்டியிருந்தேன்.

"இவருக்கு மச்சம் வலது கன்னத்துலல்லா இருந்துச்சு" என்றாள்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒருதரம் ரத்தம் எடுத்திருக்கேன். எதுக்கும் பாருங்க."

அவர் வீட்டிலிருந்து பழைய கல்யாணப் படம் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மகன் தந்தது பெரியவர் தானே செல்போனில் எடுத்துக்கொண்ட படம். இடம் வலம் மாறி விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை, வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அதைத் திருப்பி, புதிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனேன். பெரியவரின் மனைவி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அவிய மாதிரி இருக்கு. ஆனா அவிய இல்ல. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

திரும்பி வந்து இதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "பொண்டாட்டியே அப்படிச் சொன்னாவளா?" என்று மூன்று முறை கேட்டாள். நான் மூன்று முறையும் ஆமாம் என்றேன். அன்றைக்குக் கொண்டுவந்த டப்பாவைப் படம் எடுக்காமலே கொண்டுபோய்விட்டாள்.

அவளோடு வயலுக்குப் போன ஒரு சாயங்காலமும் நன்றாக நினைவிருக்கிறது. இருட்டுகிற நேரம். இலஞ்சியில் அவள் வீட்டுக்குப் பின்னால் வரப்பில் நின்றோம். என் நெற்றியில் ஒரு டார்ச்சைக் கட்டிவிட்டு, "கண்ணுக்கு நேரா வெளிச்சம் போனாத்தான் தெரியும். பைய பாருங்க" என்றாள். நாற்று நட்ட வயல் முழுவதும் பச்சையும் நீலமுமாகப் பொடிப் பொட்டுகள் மின்னின. பனித்துளி என்றேன்.

"பனித்துளி நீங்க தலைய அசைச்சா அணைஞ்சு அணைஞ்சு மின்னும். இது அணையாது பாருங்க."

தலையை அசைத்தேன். ஒரு சில அணைந்தன. மற்றவை அப்படியே இருந்தன. எண்ணி மாளாது. வரப்புக்கு இந்தப் பக்கமும், என் கால்களுக்கு இரண்டடி தள்ளியும் இருந்தன.

"இம்புட்டும் நம்மளயா பாக்குது?"

"நம்மள இல்ல, வெளிச்சத்த." சொல்லிவிட்டு என் நெற்றி டார்ச்சை அணைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. தவளைச் சத்தம் மட்டும். அவள் குரல் பக்கத்திலிருந்து வந்தது. "இப்பவும் அங்கனதான் இருக்கு அண்ணாச்சி. எப்பவும் இருக்கு. நாமதான் பாக்கல."

அன்று வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதும் கீழே பார்த்துப் பார்த்துத்தான் கழுவினேன்.

அவள் வீட்டில் மேஜைமேல் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில் ஒரு தாய்ச் சிலந்தி. பின்பக்கம் வெள்ளையாக ஒரு முட்டைப் பையை ஒட்டிக்கொண்டு திரிந்தது. குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும், ஒரு வாரம் சுமக்கும் என்று சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது இடுக்கியால் அந்தப் பையை எடுத்துவிட்டாள். சிலந்தி பாட்டிலுக்குள் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. முன்கால்களால் தரையைத் தடவிக்கொண்டே சுற்றியது. பஞ்சைக் கிள்ளி உருட்டி, அதே அளவில் ஒரு உருண்டை செய்து உள்ளே போட்டாள். சிலந்தி அதைத் தொட்டது, புரட்டியது, வயிற்றுக்கு அடியில் இழுத்து நூலால் ஒட்டிக்கொண்டது. பிறகு அமைதியாக நடந்தது.

"எட்டுக் கண்ணு இருக்கு. திரும்பிப் பாக்கல பாருங்க" என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. "பையத் திருப்பிக் குடும்மா" என்றேன். கொடுத்தாள். பஞ்சை விடவே மாட்டேன் என்றது சிலந்தி. இடுக்கியை இரண்டு காலால் பற்றிக்கொண்டது. பிரித்தெடுத்து முட்டைப் பையைப் பக்கத்தில் வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "இத நான் செஞ்சிருக்கக் கூடாது" என்றாள். அந்தச் சோதனையை மறுபடி செய்யவில்லை.

அந்த வருஷச் சாரல் பருவத்தில் ஒரு மத்தியானம் குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். யார் யார் அடித்துப் போகப்பட்டார்கள் என்று உடனே தெரியவில்லை. நாலு நாள் கழித்துச் சிற்றாற்றுத் தடுப்பணை ஒன்றில் ஒரு உடல் ஒதுங்கியது. இப்படி அடையாளம் தெரியாத உடல்களைப் படமெடுக்கப் போலீஸில் என்னைக் கூப்பிடுவது வழக்கம். போனேன். இளவயது ஆண். முகத்தைத் தண்ணீரும் பாறையும் தின்றிருந்தன. நான் மூக்கைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு படங்கள் எடுத்தேன்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு அம்மா ஸ்டேஷன் வாசலில் நாலு நாளாகக் காத்திருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன், குளிக்கப் போனவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் உடலைக் காட்டினார்கள். "எம்புள்ளதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை படங்களைப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் சிலந்திப் படங்களை வாங்க வந்தவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நான் அவசரமாகத் திரையை மூடப் போனேன்.

"மூடாதீங்க. யாரு இது?"

சொன்னேன்.

"அந்தப் பையனா? வெளிநாட்டு மெடிக்கலுக்கு எங்கிட்டத்தான் ரத்தம் குடுத்தான். பாஸ்போர்ட்டுக்கு உங்ககிட்டத்தான படம் எடுத்தான்? அதத் தொறங்க."

திறந்தேன். இடது பக்கம் நீலச் சட்டையில் முடியை ஒதுக்கிவிட்டு, காது இரண்டும் தெரிய உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் தடுப்பணையில் எடுத்த படம். அவள் விரல் திரையைத் தொடாமல் நகர்ந்தது.

"இவனுக்குக் காது மடல் கீழ தொங்குது. அதுக்குக் காது சேதமில்ல, கன்னத்தோட ஒட்டியிருக்கு." அடுத்த படத்துக்குப் போகச் சொன்னாள். "வலது முழங்கைக்கு உள்பக்கம் சூடு பட்ட தழும்பு இருந்துச்சு. அது மேலதான் ரப்பர் கட்டினேன். இங்கன இல்ல."

தோல் அங்கே முழுதாகத்தான் இருந்தது. தழும்பு இல்லை. இரண்டு பேரையும் படமெடுத்தவன் நான். எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டுதான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "எப்ப அடக்கம்?"

"ரெண்டு மணிக்கு."

அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் சூரியகாந்தி பூத்துக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் பூக்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் சிரிக்கிற சத்தம் தெருவுக்குள் திரும்பும்வரை கேட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆம்புலன்ஸ் தெரு முனையில் நின்றது. அந்த அம்மா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுகிற பெண்களெல்லாம் வாசல் பந்தலில் இருந்தார்கள். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன்.

"அக்கா, நான் லேப்ல..."

"தெரியும். எம்மவனுக்கு ரத்தம் எடுத்தவ. 'அந்த அக்கா காதப் பாத்துத்தான் பேசும்'னு சொல்லியிருக்கான்." அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "காதப் பாத்துட்டுத்தான வந்திருக்க?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நானும் பாத்தேன். கையையும் பாத்தேன். ஒனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. எம்மவனுக்குக் கால்ல ரெண்டாவது வெரலு பெருவெரல விட நீளம். இந்தப் புள்ளைக்கு அப்படி இல்ல. துணிய வெலக்கிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

வாசல் பந்தலில் யாருக்காவது கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"அப்பறம் ஏன்க்கா?"

"நாலு நாளா இவனத் தேடி ஒரு ஆளு வரல தாயி. அநாதைன்னு எழுதி எங்கனயாவது குழி வெட்டித் தள்ளிருவாவ. இவன நான் ஒழுங்கா அனுப்பி வச்சா, எம்மவன் எங்கன போயி ஒதுங்குதானோ அங்கன ஒருத்தி அவன அனுப்பி வைப்பால்லா?" குரல் உயரவேயில்லை. "போயி சொல்லப் போறியா?"

அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தாள். நான் இடுகாட்டுக்குப் போய், பெயர் தெரியாத அந்தப் பையனுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டேன்.

திரும்புகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "அண்ணாச்சி, இவன்தான் அவன்னு எழுதியாச்சு. நெசமான அவன இனி யாரும் தேட மாட்டாவ. இவனையும் தேடி ஒருத்தி எங்கனயோ உக்காந்திருப்பா."

"விட்டுரும்மா. அந்தப் பொம்பளைக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"தெரியாமயா செய்யுதாவ அவிய? முழிச்சுக்கிட்டே கெணத்துல எறங்குதாவ" என்றாள். வண்டியைக் கிளப்பினாள்.

மூன்று நாள் கழித்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டாள். காது, தழும்பு, கால்விரல், மூன்றையும் எழுதினாள். மூன்றாவதை யார் சொன்னது என்பதை எழுதவில்லை. என் படங்களையும் இணைத்தாள். நான் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். முதலில் அலைக்கழித்தார்கள். பிறகு ஒரு அதிகாரி, ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த பல்லை டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினார். செய்தி ஊருக்குத் தெரிந்ததும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஆட்கள் லேப்புக்கு வந்து சத்தம் போட்டார்கள். "செத்த வீட்டுல பூந்து காதப் பாத்தவ" என்று ஒரு பெயர் வந்தது. ஊசி போட அவள் கையை நீட்டினால் சிலர் வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னார்கள். அவள் எழுந்து இடம் விடுவாள்.

பல மாதம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து ஒரு தகப்பன் செங்கோட்டை வழியாக வந்தார். போலீஸ் அறிவிப்பைப் பார்த்து அவர் கொடுத்த ரத்தத்தோடு பல் பொருந்தியிருந்தது. மகன் வீட்டில் கோபித்துக்கொண்டு வேலை தேடிப் போனவன், எந்த ஊரென்றே தெரியாமல் தேடியிருக்கிறார்கள். போலீஸோடு நானும் இடுகாட்டுக்குப் போனேன். "என்றெ மோன் இவிடெயா?" என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா வந்து நின்றார். மண்மேட்டைச் சுற்றிக் கல் வைத்து, செவ்வந்தி நட்டிருந்தார்.

"பதினாறு வரைக்கும் எல்லாம் செஞ்சேன். வெள்ளிக்கெழம வெளக்கு வச்சேன். ஒண்ணும் கொற வைக்கல" என்றார் அவரிடம்.

அவருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. குனிந்து அந்த அம்மாவின் காலைத் தொட்டார். உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு துணியில் மண்ணை முடிந்துகொண்டு போனார். அந்த அம்மாவுடைய மகனின் பெயர் மறுபடியும் காணாமல் போனவர்கள் பட்டியலில் ஏறியது. இதுவரை அவன் கிடைக்கவில்லை.

அவள் இப்போது ஊரில் இல்லை. வடக்கே ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆற்றோரப் பாறை துடைத்துவிட்டதுபோல் ஆகி, அதில் சிலந்தியே காணவில்லை. பெண் சிலந்தியை மட்டும் வைத்துக்கொண்டு இனம் சொல்ல முடியாது, ஆண் வேண்டும் என்று தூரத்து ஊர் ஆய்வாளர் ஒருவர் எழுதியிருந்தார். ஆண் அவளுக்குக் கடைசிவரை அகப்படவில்லை. பாட்டில்களை ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் இடம், நாள் எழுதி, பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறு ஒரு காலை. அந்தத் தகப்பன் வந்து போன மறுவாரம். நான் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு லேப்பில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா உள்ளே வந்தார். நான் எழுந்துவிட்டேன், அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வரிசையைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மேஜைமேல் நீட்டினார்.

"எடு" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "அக்கா, அதுக்கு நான் எடுத்தாச் செல்லாது. ஸ்டேஷன்ல எழுதி, அவிய சொல்லுத எடத்துலதான் குடுக்கணும். நான் கூட வாரேன்."

"அங்கனயும் வாரேன். மொதல்ல நீ எடுத்து வச்சுக்க. அந்த மனுஷனுக்கு ரத்தத்த வச்சுத்தான கண்டுபிடிச்சுக் குடுத்த? எனக்கும் கண்டுபிடி."

அவள் ரப்பரை எடுத்துக் கட்டினாள். எந்தக் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கிறவள். ஊசி உள்ளே போனது, ரத்தம் வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினாள். அப்போதும் வரவில்லை. கண் நிறைந்து, நரம்பு தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறுகையால் தன் சேலை நுனியை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"பைய பாரு தாயி" என்றார். "நான் எங்கனயும் போகல."